குசினித் தண்ணீர் பாத்ரூமால் மேலே வருகிறது: வெள்ளவத்தைப் பக்கம் நல்ல பைப் பாஸ் யாரையும் தெரியுமா?

நிலா06
வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். வீடு நல்ல பழசு. முன்பக்கம் கார் விடுகிற இடத்துக்கு மட்டும் போன வருடம் இன்டர்லொக் கல் பதித்தார்கள்.

குசினி சிங்கில் தண்ணீர் கொஞ்ச நாளாக மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. முந்தாநாள் இரவு அடித்த மழையோடு பாத்ரூம் தரை ஓட்டையால் கறுப்புத் தண்ணீர் மேலே வரத் தொடங்கிவிட்டது. மேல்வீட்டில் வோஷிங் மெஷின் ஓடி முடிந்தால் எங்கள் பாத்ரூமில் சவர்க்கார நுரை நிற்கிறது. கொமட்டில் ஃபிளஷ் பண்ணினால் தண்ணீர் விளிம்புவரை ஏறி, பிறகு ஆறுதலாக இறங்குகிறது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஹாட்வெயார் கடைக்காரர் ஒரு பாஸை, அதாவது பைப் வேலைக்காரரை, அனுப்பினார். வந்தவர் பாத்ரூமை எட்டிப் பார்த்தார், வெளியே நின்று ஒரு சிகரெட் பிடித்தார், "முன்னுக்குப் போட்ட கல்லை எல்லாம் உடைக்கவேண்டும், புதுப் பைப் போடவேண்டும், 85,000 ரூபாய், பாதி அட்வான்ஸ்" என்றார். வீட்டுக்காரரோ, "நீங்கள் சிங்கில் எண்ணெய் ஊற்றித்தான் இப்படி ஆனது, பாதிக் காசு நீங்கள் தாருங்கள்" என்கிறார். உண்மையில் உடைக்கத்தான் வேண்டுமா? நம்பிக்கையான ஆள் யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_13
உடைக்கிற கதையெல்லாம் காசு பிடுங்கத்தான் அக்கா. கோஸ்டிக் சோடா ஒரு பைக்கெட் வாங்கி இரவு படுக்கும்போது சிங்குக்குள் போட்டு, மேலால் கொதிக்கிற தண்ணீர் ஒரு கேத்தல் ஊற்றிவிடுங்கள். விடிய எல்லாம் போயிருக்கும். எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான் செய்வார்.

ரதி
அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் போதும் என்று யூடியூபில் எல்லோரும் காட்டுகிறார்களே?

மருதானை நானா
தங்கச்சி நிலா, தயவுசெய்து கோஸ்டிக் போட வேண்டாம். பைப் நிறையத் தண்ணீர் நிற்கும்போது போட்டால் அது அடைப்பு வரைக்கும் போய்ச் சேராது. வழியில் நின்று சூடாகும், பி.வி.சி. பைப்பை இளக்கும். கொழுப்போடு சேர்ந்தால் சவர்க்காரமாகிக் கட்டிப்படவும் செய்யும். பிறகு கம்பி விட வருகிற மனிசன் அந்தத் தண்ணீருக்குள் கையை வைப்பார். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? எங்கள் கடையில் வேலை செய்த பொடியனுக்கு முழங்கைவரை வெந்தது இப்படித்தான்.

கோஸ்டிக் சரிவரவில்லை என்று அதன் மேலேயே ஹார்பிக் ஊற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஹார்பிக்கில் இருப்பது அமிலம். இரண்டும் சேர்ந்தால் கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். க்ளோரொக்ஸ் மாதிரிப் பிளீச்சும் ஹார்பிக்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு பூட்டிய சின்னப் பாத்ரூமில் அது விளையாட்டில்லை. ஏற்கெனவே ஏதாவது ஊற்றியிருந்தால் வருகிற பாஸிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொதிதண்ணீரும் அப்படித்தான். பி.வி.சி. எண்பது பாகைக்குக் கிட்டப் போனாலே இளகிவிடும். கை பொறுக்கிற சூட்டில் ஊற்றினால் சிங்குக்குக் கீழே படிந்த கொழுப்புக்குப் போதும். ரதி, சோடாவும் வினாகிரியும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், மிஞ்சுவது நுரைதான். பார்க்க வடிவாக இருக்கும்.

பழைய பைப்
கட்டட வேலைத்தளங்களில் பைப் வேலை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளை, ஆளைத் தேடுவதற்கு முதல் அடைப்பு எங்கே என்று தேடுவோம். அதற்குக் காசு தேவையில்லை.

சிங்க் மட்டும் இறங்காமல் மற்றதெல்லாம் சரியாகப் போனால், அடைப்பு சிங்குக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிற பொட்டில் ட்ராப்பிலோ, அதிலிருந்து வெளியே போகிற சின்னப் பைப்பிலோதான். கீழே ஒரு வாளி வைத்துவிட்டு ட்ராப்பைக் கையால் திருகிக் கழற்றலாம். தேயிலைச் சக்கையும் தேங்காய்ப்பூவும் சோற்றுப் பருக்கையும் எண்ணெயோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் களியாக இருக்கும். உங்கள் வீட்டில் அப்படியில்லை. சிங்க், கொமட், பாத்ரூம் தரை மூன்றும் ஒன்றாகக் கரைச்சல் தருகின்றன, மேல்வீட்டுத் தண்ணீரும் உங்களிடம் வருகிறது. அப்படியென்றால் இவையெல்லாம் சேருகிற இடத்துக்கு அப்பால் எங்கேயோ மெயின் லைனில் அடைப்பு. போக வழியில்லாத தண்ணீர் ஆகத் தாழ்வான வாயால்தான் வெளியே வரும். உங்கள் வீட்டில் அது பாத்ரூம் தரை. மேல்வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, அவர் நிம்மதியாக ஃபிளஷ் பண்ணிக்கொண்டிருப்பார்.

இப்போது செய்யவேண்டியது இதுதான். முற்றத்தில் சதுரமாகவோ வட்டமாகவோ இரும்பு மூடியோ கொங்கிறீட் மூடியோ எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். குசினிச் சுவர்ப் பக்கம் ஒன்று, படலையடியில் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். அலவாங்கு கொடுத்து ஒரு பக்கமாகக் கிளப்பச் சொல்லுங்கள். கிளப்பின கையோடு குனிந்து முகத்தை உள்ளே கொண்டுபோக வேண்டாம், கொஞ்ச நேரம் காற்றுப் போகட்டும். நெருப்பும் கிட்டக் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

ஒரு குழி தண்ணீர் நிறைந்து நின்றால் அடைப்பு அதற்குக் கீழே, அதாவது ரோட்டுப் பக்கம். குழி காய்ந்து கிடந்தால் அதற்கு மேலே, அதாவது வீட்டுப் பக்கம். நிறைந்த குழிக்கும் காய்ந்த குழிக்கும் நடுவில் உங்கள் அடைப்பு இருக்கிறது. இதைப் பார்க்காமல் 85,000 சொன்ன மனிசனிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. கூரையிலிருந்து வருகிற மழைத்தண்ணீர்ப் பைப் எதற்குள் இறங்குகிறது என்று பாருங்கள்.

மட்டுநகரான்
யாராவது ஒரு நம்பரைப் போட்டால் வேலை முடிந்தது. இதற்கு இவ்வளவு விளக்கமா?

கணக்கன்
நம்பர்களைத் தனிமடலில் அனுப்புங்கள். போன முறை இங்கே பகிரங்கமாகப் போட்ட நம்பருக்கு இரவு பன்னிரண்டு மணிக்கும் கோல் போய், அந்த மனிசன் சிம்மையே மாற்றிவிட்டார்.

நிலா06
பழைய பைப் ஐயா, மிக்க நன்றி. பக்கத்து வீட்டு அண்ணா அலவாங்கு கொண்டுவந்து மூடிகளைக் கிளப்பித் தந்தார். குசினிச் சுவரோரம் உள்ள குழி விளிம்புவரை நிறைந்து நிற்கிறது. மேலே கொழுப்பு ஆடை படிந்திருக்கிறது, கரப்பான் பூச்சி கணக்கில்லை. படலைக்கு உள்பக்கம் உள்ள குழியின் மேல் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள், அதனால்தான் எங்களுக்கே அது தெரியாது. அதற்குள் ஈரம் மட்டுந்தான். மேல்வீட்டில் ஃபிளஷ் பண்ணச் சொல்லிப் பார்த்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. இரண்டு குழிக்கும் நடுவில்தான் அந்த இன்டர்லொக் கல் பதித்த இடம்.

வாயில் தெரிகிற பைப் பி.வி.சி. இல்லை, பளபளப்பான மண்ணிறப் பைப். மதில் அருகே பக்கத்து வீட்டு மாமரம் ஒன்று. மழைத்தண்ணீரும் நீங்கள் சந்தேகப்பட்டது போலத்தான், மேல் பல்கனிப் பைப் நேரே குசினிக் குழிக்குள் இறங்குகிறது.

பழைய பைப்
அப்போ பாதி வேலை முடிந்தது. அடைப்பு உங்கள் வளவுக்குள். ரோட்டு லைனில் இருந்திருந்தால் படலைக் குழியும் நிறைந்திருக்கும், அயல் வீடுகளிலும் அதே கரைச்சல் இருந்திருக்கும். அப்படியானால் மாநகர சபையின் வடிகால் பகுதிக்கு அறிவிக்கவேண்டும். ரோட்டு லைனைத் துப்புரவாக்குவது அவர்கள் வேலை, அதற்குத் தனியாரைக் கூப்பிட்டுக் காசு கொட்டக்கூடாது. வளவுக்குள் இருப்பது வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு.

மண்ணிறப் பைப் என்றால் சுட்ட மண் பைப். இரண்டு மூன்று அடித் துண்டுகளாகச் சீமெந்து வைத்துப் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு பொருத்தும் ஒரு பலவீனம். மாமரத்து வேர் ஈரத்தைத் தேடி வந்து மயிர்க் கனத்தில் உள்ளே நுழையும், உள்ளே சாப்பாடும் தண்ணீரும் இருப்பதால் கொழுத்து வளரும். போகிற கொழுப்பும் துணியும் அதில் சிக்கும். கல் பதிக்கும்போது மண்ணை இறுக்குகிற மெஷினை அடித்திருப்பார்கள், அந்த அதிர்வில் பொருத்து விலகியிருக்கவும் இடமுண்டு. ஆகவே பைப் உடைந்திருக்கிறது என்று அந்தப் பாஸ் சொன்னது ஒருவேளை சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் பார்க்காமல் சொன்னார். முழுக்க உடைக்கவேண்டும் என்றதுதான் எனக்கு விளங்கவில்லை. இன்டர்லொக் கல் மணலின் மேல்தான் இருக்கிறது. உடைக்கத் தேவையில்லை, கழற்றி அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பப் பதிக்கலாம்.

பைப்புக்குள் விட்டு அடைப்பை எடுக்கிற ஸ்பிரிங் கேபிள் வைத்திருக்கிற ஆளைப் பிடியுங்கள். காய்ந்த குழியிலிருந்து வீட்டுப் பக்கமாக விடச் சொல்லுங்கள். கேபிள் முட்டுப்படுகிற இடத்தில், குழிக்குள் பைப் வாயோடு சேர்த்துக் கேபிளில் ஒரு டேப் ஒட்டவேண்டும். பிறகு வெளியே இழுத்து, டேப் அந்தப் பைப் வாய்க்கு நேர் மேலே நிற்க, அதே திசையில் கல்லின் மேல் நீட்டிப் போட்டால் நுனி எங்கே நிற்கிறதோ அதற்கு நேர் கீழே அடைப்பு. தோண்டத்தான் வேண்டும் என்றாலும் அந்த இடத்தில் ஒரு யார் தோண்டினால் போதும். படலைக் குழியிலிருந்து ரோட்டுக்குப் போகிற வாயில் ஒரு கம்பி வலையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் இழுக்கிற குப்பை எல்லாம் ரோட்டு லைனுக்குப் போய் அங்கே அடைக்கும். திறபடும்போது மேல் குழியில் நிற்கிற அவ்வளவு தண்ணீரும் ஒரேயடியாகப் பாயும், கேபிள் பிடிப்பவர் விலகி நிற்கவேண்டும்.

மழைப் பைப்பை வீட்டுக்காரர் மாற்றியே ஆகவேண்டும். கொழும்பில் மழைத்தண்ணீருக்கு ரோட்டோரக் கான் வேறு, கழிவுநீர் லைன் வேறு. கழிவு லைன் நூறு வருடத்துக்கு மேல் பழைய அமைப்பு. நகரத்துக் கழிவையெல்லாம் பம்ப் பண்ணி முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் விடுகிறார்கள். கூரைத் தண்ணீரையும் சுமக்க அதைக் கட்டவில்லை. ஒவ்வொரு வீடும் ஒரு பல்கனிப் பைப்பைச் செருகினால் மே மாத மழைக்குத் தாழ்வான வீடுகளுக்குள்தான் எல்லாம் வந்து நிற்கும்.

கணக்கன்
தொடர்மாடியில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கே சண்டை வேறு மாதிரி. நான் பம்பலப்பிட்டியில் ஒரு எட்டு மாடிக் கட்டடத்தின் முகாமைக் குழுவில் கணக்குப் பார்க்கிறேன். முதலாம் மாடிக்காரருக்குத்தான் எப்போதும் அடி விழும். எட்டு வீட்டுக் குசினித் தண்ணீரும் ஒரே செங்குத்துப் பைப்பில் இறங்கி, அடியில் வளைகிற இடத்தில் கொழுப்புக் கட்டும். முதலாம் மாடி சிங்கால் மேல்வீட்டுச் சாம்பார் வரும். அவர் தன் செலவில் பாஸைக் கூப்பிட்டு, தன் சிங்கை மட்டும் குத்திவிட்டுப் போவார். அடுத்த கிழமை திரும்பவும் அதே கதை.

வீட்டுக்குள் இருந்து அந்தச் செங்குத்துப் பைப்பில் சேரும்வரை அந்த வீட்டுக்காரர் பாடு. செங்குத்துப் பைப் பொதுச் சொத்து. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனைச் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடம் என்றால், பொதுப் பகுதிகளைப் பராமரிப்பது முகாமைக் கூட்டுத்தாபனத்தின் கடமை. மாதாமாதம் கட்டுகிற காசு அதற்குத்தான். குழு அசையாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாட்ஸ்அப் குழுவில் திட்டுவது முறைப்பாடு ஆகாது. திகதி போட்டுக் கடிதம் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.

தெஹிவளைக்காரன்
நாங்கள் தெஹிவளையில் கால்வாய்ப் பக்கம். எங்களுக்கு ரோட்டு லைன் இல்லை, செப்டிக் டாங்கும், அதன் தண்ணீர் நிலத்துக்குள் ஊறிப்போகிற சோக் பிட்டுந்தான். மழை தொடங்கினால் கொமட் இறங்காது. கலி பவுசர், அதாவது கழிவை உறிஞ்சுகிற லொறி, கூப்பிட்டு உறிஞ்சினோம். சரியாகிவிட்டது என்று நினைக்கும்போதே திரும்ப நிறைந்துவிட்டது. பவுசர்காரர் ஏமாற்றிவிட்டாரா? பாதிதான் உறிஞ்சினாரா?

மருதானை நானா
தம்பி, பவுசர்காரரைத் திட்ட முதல் ஒன்றைப் பாருங்கள். அடுத்த முறை உறிஞ்சி முடிந்தவுடன் மூடியைப் போடவேண்டாம், டோர்ச் அடித்துப் பாருங்கள். சோக் பிட்டுக்குப் போகிற பைப் வாயால் தண்ணீர் திரும்ப டாங்குக்குள் வழிந்தால், சோக் பிட் நிறைந்து நிற்கிறது என்று அர்த்தம். கால்வாய்ப் பக்கத்துப் பதிந்த நிலத்தில் மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். நீங்கள் காசு கொடுத்து உறிஞ்சுவது நிலத்துத் தண்ணீரை. எத்தனை பவுசர் வந்தாலும் அது குறையாது.

பழைய பைப்
நானா சொன்னது சரி. பிளாஸ்டிக் டாங்க் என்றால் இன்னும் கவனம். சுற்றிவரத் தண்ணீர் நிற்கும்போது அடிவரை உறிஞ்சினால் டாங்க் மேலே மிதந்து கிளம்பி, பைப்பை எல்லாம் முறித்துவிடும். மழை நாளில் பாதிக்கு மேல் எடுக்க விடவேண்டாம்.

தெஹிவளைத் தம்பி, குசினித் தண்ணீரும் வோஷிங் மெஷின் தண்ணீரும் அந்த டாங்குக்குள்தான் போகிறதா? அவற்றைப் பிரித்து, கொழுப்பை மறித்து நிறுத்துகிற ஒரு கிரீஸ் ட்ராப் வைத்து, மேடான பக்கம் வேறு குழிக்கு விட்டாலே டாங்குக்கு வருகிற சுமை பெரிதாகக் குறையும். பழைய சோக் பிட் சேற்றால் மூடுண்டிருந்தால் அதைத் துப்புரவாக்கிப் பெரிய பலன் இல்லை, புதிதாக வெட்டுவதுதான். தெஹிவளை, கல்கிசை நகரப் பகுதியில் சில ரோட்டுகளுக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கழிவு லைன் இருக்கிறது. சபையின் 1939 நம்பருக்கு அடித்து உங்கள் ரோட்டுக்கு இணைப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் இந்தத் தலையிடியே வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_13
கோஸ்டிக் பற்றி எனக்கு விழுந்த அடி போதும், விடுங்கள். ஆனால் எல்லோரும் பைப் பாடந்தான் நடத்துகிறீர்கள். நல்ல பாஸை எப்படிப் பிடிப்பது? அதுதானே கேள்வி? பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவன் எல்லாம் "24 மணி நேர சேவை" என்கிறான். வந்த பிறகு, தான் முதலில் சொன்ன காசு வருகைக் கட்டணம் மட்டும் என்கிறான்.

ரதி
எங்கள் பாமன்கடை வீட்டில் இந்த வேலையெல்லாம் என் தலையில்தான். இப்போது நான் ஃபோனிலேயே ஆளை எடைபோட்டுவிடுவேன். "கான் அடைத்துவிட்டது, வருகிறீர்களா" என்று கேட்டதும் "எவ்வளவு தருவீர்கள்" என்பவரை விட்டுவிடுவேன். "எது எது அடைத்திருக்கிறது, கீழ்வீடா மேல்வீடா, குழி மூடி தெரிகிறதா, ஏதாவது ஊற்றினீர்களா" என்று திருப்பிக் கேட்கிறவர்தான் வேலை தெரிந்தவர். எனக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும், அதனால் குழியையும் சிங்கையும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் கதைப்பேன். பார்த்தவுடன் அவர்களுக்கே எல்லாம் விளங்கிவிடும், என்ன சாமான் கொண்டுவருவது என்றும் தெரிந்துவிடும். வந்து பார்த்துவிட்டு "கேபிள் கொண்டுவரவில்லை, நாளைக்கு வருகிறேன்" என்று வருகைக் காசை வாங்கிக்கொண்டு போகிற கூத்து அதோடு நின்றது.

காசைக் கேட்கும்போது மூன்று விதமாகக் கேட்கவேண்டும். வந்து பார்க்க எவ்வளவு, திறந்து தர எவ்வளவு, திறக்க முடியாவிட்டால் எவ்வளவு. மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவர் குறைவு. சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள், குரல் பதிவென்றாலும் சரி. சாமான் வாங்கக் கொஞ்சம் காசு முன்னுக்குக் கொடுக்கலாம், ஆனால் ஹாட்வெயார் பில் என் கைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிடுவேன். வேலை முடிந்தது என்றவுடன் மிச்சத்தைக் கொடுக்காமல், எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, கொமட்டிலும் ஃபிளஷ் பண்ணி, படலைக் குழியில் தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறதா என்று நானே போய்ப் பார்ப்பேன். ஓட்டை சின்னதாகத் திறந்தால் ஒரு வாளித் தண்ணீர் போகும், ஐந்து வாளி போகாது.

வெளியே எடுத்த குப்பையையும் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை எங்கள் லைனிலிருந்து பிள்ளையின் பம்பர்ஸ் ஒன்றும், டைல்ஸ் வேலைக்காரர் கழுவி ஊற்றிக் கல்லாகிப்போன சீமெந்துக் கட்டியும் வந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் அடைப்புக்கு யார் காரணம் என்று தெரிந்தது.

மட்டுநகரான்
என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவர்களைக் கூப்பிட்டால் இந்தப் பரீட்சை எல்லாம் தேவையில்லையே?

ரதி
புதுக் குளியலறை பொருத்த அது நல்லது. அடைப்பு எடுக்கிற கை வேறு. இரண்டும் உள்ளவர் கிடைத்தால் விடாதீர்கள்.

மருதானை நானா
காசுக் கதையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டிக் டாங்குக்குள்ளோ ஆழமான மான்ஹோலுக்குள்ளோ ஒரு ஆளை இறக்க எந்தப் பாஸ் சொன்னாலும் விடக்கூடாது. வீட்டுக்காரர் சொன்னாலும் விடக்கூடாது. உள்ளே நிற்கிற ஐதரசன் சல்பைட்டு கொஞ்சமாக இருக்கும்போதுதான் கூழ்முட்டை மணம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. மணம் இல்லை, இறங்கலாம் என்று இறங்கியவர் ஏறி வரமாட்டார். அவரைத் தூக்க இறங்கியவரும் வரமாட்டார். சாராயம் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தால் இறங்குகிறேன் என்று சொல்கிற ஏழை மனிசர் இன்னும் இருக்கிறார்கள். கேபிளுக்கும் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சுகிற ஜெட் மெஷினுக்கும் கூடக் காசு போனாலும் பரவாயில்லை.

கொட்டாஞ்சேனை_13
இது நியாயம், நானா.

நிலா06
எல்லோருக்கும் ஒருக்கா நிலவரம் சொல்கிறேன். ரதி அக்கா சொன்னபடி இரண்டு குழியையும் வீடியோ எடுத்து, தனிமடலில் கிடைத்த நம்பர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் உடனே கோல் எடுத்து, "படலைக் குழி காய்ந்திருக்கிறதா? நல்லது, அப்போ அங்கேயிருந்து விடலாம். மேல்வீட்டுக்காரரைத் தண்ணீர் பாவிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்" என்றார். கிருலப்பனைப் பக்கத்து மனிசர், கூட ஒரு தம்பியும் வந்தார். வலை வைக்க நான் சொல்ல முதல் அவரே பையிலிருந்து எடுத்துவிட்டார்.

கேபிள் போய் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டது. டேப் ஒட்டி, இழுத்து, கல்லின் மேல் போட்டுப் பார்த்தால் நுனி சரியாக மதிலோரம், மாமரத்துக்கு நேரே. வீட்டுக்காரரும் மேலேயிருந்து இறங்கி வந்து பார்த்துக்கொண்டு நின்றார். நுனிக்குக் கத்தி மாட்டித் திரும்ப விட்டுச் சுற்ற, முதலில் தேங்காய்த் தும்பு மாதிரி ஒரு கட்டு வேர் வந்தது. அதற்குள் வெள்ளைக் கொழுப்பு, நிலம் துடைக்கிற துணி ஒன்று, ஒரு கரண்டி. துணியும் கரண்டியும் கீழ்வீட்டாருடையவை இல்லை என்று மேல்வீட்டு அன்ரியே சொன்னார். பிறகு கடகடவென்று ஒரு சத்தம், குசினிக் குழியில் நின்ற தண்ணீர் கண்ணுக்கு முன்னால் இறங்கியது. அன்றைக்கு 9,000 எடுத்தார்.

அதோடு விடவில்லை. "வேர் வெட்டுப்பட்டது, ஓட்டை அப்படியே இருக்கிறது, திரும்ப வரும்" என்று சொல்லி, தெரிந்த ஒருவரிடம் கமரா வாங்கிக்கொண்டு வந்து விட்டுக் காட்டினார். ஒரு பொருத்தில் கீழ்த்துண்டு பதிந்துபோய், அரைவட்டமாக மண் தெரிகிறது. அந்த இடத்தில் மட்டும் கல்லைக் கழற்றி, சுவரோடு அடுக்கி வைத்து, தோண்டி, கெட்ட துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டு 110 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப் போட்டு, பழைய மண் பைப்போடு ரப்பர் இணைப்பால் பொருத்தினார்கள். பைப்பைச் சுற்றி மணல் போட்டு, வாட்டம் சரியா என்று லெவல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினார்கள். சாமானோடு 28,000. இரண்டையும் கூட்டினாலும் முதல் மனிசன் கேட்ட அட்வான்ஸுக்குக்கூட வராது.

வீட்டுக்காரர் கமரா வீடியோவைப் பார்த்த பிறகு எண்ணெய்க் கதையை விட்டுவிட்டார். முழுக் காசும் அவரே கொடுத்தார். சிங்க் ட்ராப்பைக் கழற்றிக் கழுவியதும், ஓட்டைக்குச் சல்லடை போட்டதும் எங்கள் செலவு. பல்கனிப் பைப்பை மாற்றுவது பற்றி மட்டும் "பார்ப்போம்" என்கிறார்.

கணக்கன்
அந்தப் "பார்ப்போம்" மழைக்கு முதல் முடியவேண்டும். கமரா வீடியோவையும் இரண்டு பில்லையும் உங்கள் ஃபோனிலும் வைத்திருங்கள். வீடு மாறும்போது வைப்புக் காசில் "கான் உடைத்தீர்கள்" என்று கொஞ்சத்தைக் கழிக்கப் பார்த்தால் அப்போது கைகொடுக்கும். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், நிலத்துக்குக் கீழே உள்ள பைப் திருத்தம் சொந்தக்காரருக்கு, சிங்க், ட்ராப் துப்புரவு குடியிருப்பவருக்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

ரதி
பக்கத்து வீட்டு மாமரத்துக்காரர் ஏதும் தரவில்லையா?

நிலா06
மாம்பழம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் அக்கா.

தெஹிவளைக்காரன்
1939க்கு அடித்தேன். எங்கள் ரோட்டுக்கு லைன் இல்லை, அதனால் குசினித் தண்ணீரைப் பிரிக்கத்தான் போகிறேன். நிலா அக்கா, அந்தக் கிருலப்பனை மனிசரின் நம்பரை எனக்கும் அனுப்புவீர்களா?

நிலா06
அனுப்பிவிட்டேன். வீடியோ இல்லாமல் கோல் எடுக்க வேண்டாம், முதலில் அதைத்தான் கேட்பார்.

பழைய பைப்
பிள்ளை, நல்ல வேலை. பூச்சாடியைத் திரும்பப் படலைக் குழி மூடியின் மேல் வைக்க விடவேண்டாம். அழகுக்காக மூடியின் மேல் கல் பதிப்போம், சுற்றிவரச் சீமெந்து பூசுவோம் என்று வீட்டுக்காரர் வெளிக்கிட்டாலும் மறியுங்கள். மணம் வராமல் இருக்க மூடியின் விளிம்பில் தடிப்பாகக் கிரீஸ் பூசி இறக்கினால் போதும், அலவாங்கு கொடுத்தால் திரும்பவும் கிளம்பும். கூரைக்கு மேலே போகிற காற்றுப் பைப்பின் வாயையும் ஒருக்கா பாருங்கள். நுளம்புக்காகப் பொலித்தீன் கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு நுளம்பு வலை கட்டச் சொல்லுங்கள். காற்றுப் போக வழி இல்லாவிட்டால் சிங்கில் குளுக் குளுக் என்று சத்தம் போட்டு ட்ராப்பில் நிற்கிற தண்ணீரை இழுத்துவிடும், மணம் வீட்டுக்குள் வரும்.